காற்று இறக்கிவைத்த பேச்சு

காற்றாலைகள் சுழலத் தொடங்கிய மாதம் எங்கள் ஊரில் தொப்பிகள் விழுந்தன. அதற்கடுத்த மாதம் குரல்கள் விழுந்தன. இரண்டு குன்றுகளுக்கு நடுவே, காற்று நுழைந்து வெளியேறுகிற இடைவெளியில் கட்டப்பட்ட ஊர் என்பதால் தொப்பிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரல்கள் விழுந்தபோதுதான் மின் நிறுவனத்தின் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தேநீரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். காற்றும் ஒரு சுமைதூக்கிதான், அதன் பாதி பலத்தை இறக்கைகள் பிடுங்கிக்கொண்டால் மீதி பலத்தில் அது எவ்வளவைத்தான் சுமக்கும், இறக்கிவைக்கத்தான் செய்யும் என்றார். ஊரும் அதைப் பேருந்து நேரம் மாறியதை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. விழுந்த தொப்பி நிலத்துக்காரருக்குச் சொந்தம், விழுந்த குரல் கேட்டவருக்குச் சொந்தம் என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டது. குரலைப் பொறுக்கி வைக்க முடியாது. பழுத்த பழம்போலத் தரையில் வந்து தட்டும், ஒருமுறை சொல்லும், தீர்ந்துபோகும். எந்த நாட்டிலோ யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டது எங்கள் வாசலில் வந்து விழும். காதல் வசனம் ஒன்று நடுவயதுத் தம்பதியின் கட்டிலுக்குக் கீழே விழுந்து, அது வெளியூர்ப் பேச்சுதான் என்று நிரூபிக்க அந்த மனிதர் படாத பாடு பட்டார்.

அதைவிட ஊரைத் தொல்லைப்படுத்தியது வேறொன்று. எங்கள் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக முன்னால் சாய்ந்து நடந்து பழகியவர்கள். காற்று பாதியான முதல் வாரத்தில், சாய்வதற்கு எதிரே ஒன்றும் இல்லாமல், மரியாதைக்குரியவர்கள் எல்லாம் கடைவீதியில் முகம் குப்புற விழுந்தார்கள். கத்திப் பேசும் பழக்கமும் போகவில்லை. பணம் வந்ததும் அந்தக் கத்தல் இன்னும் கூடியது. ஆடுகூட நிற்க மறுத்த, ஊரை ஒட்டிய மேற்குச் சரிவு, கடைவீதி மனையைவிட விலை ஏறியது. குடை ரிப்பேர் செய்தவர் கடையை மூடிவிட்டு நிலத் தரகர் ஆனார். நகர்மன்றத் தலைவர் காற்றாலைதான் எதிர்காலம் என்றார். எதிர்க்கட்சியை நடத்திய மருந்துக்கடைக்காரர் காற்று மக்களுடையது என்றார். தலைவரின் காற்றாலை அவர் மனைவி பெயரில் இருந்தது, மருந்துக்கடைக்காரருடையது அவர் மாமியார் பெயரில். இரண்டும் அடுத்தடுத்து நின்று ஒரே திசையில்தான் சுழன்றன.

இந்த நிலையில்தான் நிறுவனம் மேற்குக் குன்றின் மேல் இரண்டாம் வரிசை வைக்கக் கடன் கேட்டது. கடன் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்லத் தலைமை வங்கி ஒரு மனிதரை அனுப்பிவைத்தது. இஸ்திரி கலையாத சட்டை, பின்னால் சாய்ந்த நடை. வந்த அன்றே ரொட்டிக்கடையில் நின்று, வெளியே விற்பதைவிட இங்கே ரொட்டி நாற்பது சதவீதம் விலை கூடுதல், எடையோ பத்து சதவீதம் குறைவு என்று சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து அவர் பெயர் சதவீதம். நல்ல தூக்கமா என்று கேட்டால் எழுபது என்பார். தன்னிடம் எல்லோரும் கோபமாகப் பேசுகிறார்கள் என்று முதல் மாதம் முழுக்க மனம் நொந்திருந்தார். அது கோபமில்லை, பழைய காற்றுக்குப் பழகிய தொண்டை என்று பிறகுதான் புரிந்தது. ஊரை அவர் பார்த்த விதமே தனி. தலைவரும் மருந்துக்கடைக்காரரும் மேடையில் அடித்துக்கொள்வதை ஊரே மூச்சைப் பிடித்துப் பார்த்தபோது, இவர் மட்டும் நிம்மதியாக இருந்தார். இரண்டு பேருக்கும் இலாபம் ஒரே குழாயில் வருகிறது, ஆகவே ஆட்சி மாறினாலும் கடன் திரும்பி வரும் என்பது அவர் முடிவு. விழுகிற தொப்பிகளைக்கூடத் துணை வருமானம் என்றுதான் சொன்னார்.

அவருக்கு வாடகைக்குக் கிடைத்தது எங்கள் தையல்கடைக்கு மேலிருந்த அறை. கடை என் அக்காவுடையது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கூரைக்குத் தகடு பொருத்துகிறவர். இந்த ஊரில் காற்று பிய்த்துக்கொண்டு போகாத கூரை எல்லாம் அவர் கை பட்டது. மேலே நின்றுகொண்டு பேசுவது அவருக்குப் பிடிக்கும். ஆணி கேட்பார், சுத்தியல் கேட்பார், தெருக்கோடியில் யார் வருகிறார் என்று செய்தி சொல்வார். ஒன்றும் கீழே வந்து சேராது. வாய் அசைவதுதான் தெரியும், பேச்சைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அக்கா கீழே நின்று, கேக்கல, இறங்கி வந்து சொல்லுங்க என்று கத்துவாள். அந்தக் கல்யாணத்தில் பாதி அப்படியே கழிந்தது. காற்றாலைகள் வருவதற்கு நாலு வருடம் முன்பு அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். குரல்கள் விழத் தொடங்கியபோது, வேறு ஊர்ப் பேச்சுகளுக்கு நடுவே, எங்கள் கொல்லையில் ஒரு காலை அவர் குரல் விழுந்தது. ஏணியைச் சரியாகப் பிடிக்கச் சொன்னது. அக்கா கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரோரம் சாத்தியிருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் போய் விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

உலகத்தைச் சுற்றிவரக் காற்றுக்கு ஆறேழு வருடம் ஆகும், குளிர்காலத்தில் கொஞ்சம் தாமதிக்கும் என்று பொறியாளர் சொன்னார். அத்தானின் பேச்சுகள் போன வரிசையிலேயே திரும்பி வந்தன. பள்ளிக்கூடக் கூரையில் நின்று சொன்னது முதலில் வந்தது, பிறகு சந்தைக் கூரையில் சொன்னது. பெரும்பாலும் ஆணி, தகடு, தண்ணீர், வெயில். அக்கா துணி வெட்டிக்கொண்டே காதைக் கொல்லைப் பக்கம் வைத்திருப்பாள். விழுந்தால், சரி சரி, எடுத்துத் தரேன் என்று பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வாள். வாடிக்கையாளர்களும் பழகிக்கொண்டார்கள். ஆனால் அவள் காத்திருந்தது ஒரே ஒரு பேச்சுக்கு. அத்தான் கடைசியாக ஏறியது எதிரே இருந்த ரொட்டிக்கடைக் கூரை. கடைவீதியில் நடந்துபோன அக்காவை மேலிருந்து பார்த்து, கையை நீட்டி, ஏதோ சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேக்கல என்று அவள் சைகை காட்டினாள். சாயங்காலம் இறங்கி வந்தவரிடம் என்ன என்று கேட்டதற்கு, சாப்பிட்டுட்டுச் சொல்றேன் என்றார். அக்கா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தபோது நாற்காலியில் ஆள் இல்லை, உடல்தான் இருந்தது. அப்படி என்ன சிரிப்பு என்பது அவளைத் துக்கத்தைவிட அதிகமாகப் படுத்தியது. துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருகிறார்கள். இதற்கு யார் வந்து என்ன சொல்வது?

சதவீதம் மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்தார். கிழிந்த பையைத் தைக்கக் கொடுத்தார், பிறகு கிழியாத பையையும் கொடுத்தார். சட்டைகளின் பொத்தான்கள் அவரிடம் ஆச்சரியமான வேகத்தில் அறுந்தன. ஒரு மழைநாளில் கடைக்குள் வந்து, குடையைக்கூட மடக்காமல், தன் மனதைச் சொன்னார்.

"ரெண்டு பேரும் தனித்தனியா செலவு பண்றத ஒண்ணாப் பண்ணினா முப்பது சதவீதம் மிச்சமாகுதுங்க. நான் ரெண்டு தடவ போட்டுப் பார்த்துட்டேன்."

அக்கா மிஷினை நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

"அவர் சொல்ல வந்தத இன்னும் நான் கேட்டு முடிக்கல. அதுக்குள்ள இன்னொருத்தர் பேச்ச எப்படிக் கேக்குறது? குடைய மடக்குங்க, துணியெல்லாம் நனையுது."

அவர் குடையை மடக்கினார், வருத்தப்படவில்லை. காத்திருப்பு அவர் தொழிலில் ஒரு பகுதி. ஆனால் மேலே போன பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. இரண்டாம் வரிசை மேற்குக் குன்றில் வருகிறது. காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. அந்த வரிசை எழுந்துவிட்டால் காற்று தன் சுமையை அங்கேயே இறக்கிவிடும், ஊருக்கு வெறுங்கையோடு வரும். அத்தானின் கடைசிப் பேச்சு ஆள் இல்லாத பாறைமேல் விழுந்து, ஒருமுறை சொல்லி, தீர்ந்துபோகும். அக்கா இதை அவருக்கு முன்பே கணக்குப் போட்டிருந்தாள். சந்தைக் கூரை முடிந்து மருந்துக்கடைக் கூரை நடந்துகொண்டிருந்தது, ரொட்டிக்கடைக்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகும். இரண்டாம் வரிசைக்கான பாரந்தூக்கிகளோ அடுத்த கோடையிலேயே வரப்போகின்றன.

தேர்தல் நெருங்கியிருந்ததால் ஊர் இரண்டாம் வரிசையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. தலைவர் கூட்டம் போட்டார். அவர் பேச வாயைத் திறந்தபோது, அவருடைய முதல் தேர்தல் பேச்சு ஒன்று மேடைக்கு முன்னால் வந்து விழுந்து, வரும் கோடைக்குள் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் என்றது. கூட்டம் கைதட்டியது. தலைவர் அசரவில்லை, இதையேதான் நானும் சொல்ல வந்தேன் என்றார். மருந்துக்கடைக்காரர் மறுநாள் எதிர்க் கூட்டம் போட்டு, ஊருக்குள் விழுவதை மேற்குக் குன்றுக்குத் தூக்கிப்போவது மக்கள் சொத்தைத் திருடுவது என்றார். அங்கே அவர் மாமியாருக்கு நிலம் கிடைக்காததால் குரலில் உண்மையான வலி இருந்தது. வாக்கெடுப்புக்கு உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். மிச்சமிருந்தவர் ஒருவர், அத்தானின் தம்பி. மேற்குக் குன்றில் அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அவர் வீட்டுக்கு இரண்டு கட்சியும் மாறி மாறிப் பழக்கூடையோடு போய்வந்தது.

அக்கா பழம் கொண்டுபோகவில்லை. கடைக்கு அளவு கொடுக்க வந்தவரிடமே பேச்சை எடுத்தாள்.

"தம்பி, ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லல."

"அண்ணி, கடன் ஒரு வருஷம் காத்திருக்காதுன்னு சொல்றாங்க. நிலத்துக் காசு வந்தா பொண்ண வெளியூர்ல படிக்க வைக்கலாம்னு பார்த்தேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணன் என்னையும் பார்த்துத்தான் சிரிச்சிட்டே இருப்பான். என்ன சொன்னான்னு எனக்கும் தெரியணும்."

இரண்டுமே உண்மையாக இருந்ததால் அக்கா கோபித்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. கழுத்தளவை மறுபடியும் எடுத்தாள். அன்றிரவு சதவீதத்திடம், வங்கிக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை. கடன் நல்ல கடன், இலாபம் வரும், அப்படித்தான் எழுதுவேன், பொய் எழுதத் தெரியாது என்றார். எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லையே என்றாள் அக்கா. ஆனாலும் அந்த வாரம் முழுவதும் அவருடைய சட்டைகளில் பொத்தான் அறுந்தபடியே இருந்தது.

எங்கள் நகர்மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வங்கிக்காரர் கடன் தொகையைச் சொல்லும்வரை எல்லோரும் கவனமாகக் கேட்பார்கள். நிபந்தனைகளைப் படிக்கத் தொடங்கியதும் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நிபந்தனை என்பது மழைபோல, அது பாட்டுக்குப் பெய்து ஓயட்டும் என்பது நினைப்பு. அன்றும் தொகை சொல்லப்பட்டது, நாற்காலிகள் காலியாயின. பார்வையாளர் பெஞ்சில் நானும் அக்காவும் இருந்தோம். உறுப்பினர் வரிசையில் அத்தானின் தம்பி மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். சதவீதம் காலி மண்டபத்துக்கு முன்னால் நின்று, ஒரு வரி விடாமல், நிறுத்தி நிதானமாகப் படித்தார். எண்ணெய் மாற்றுவது, வேலி போடுவது, இறக்கையில் மோதும் பறவைகள் என்று போய்க்கொண்டிருந்தது. நடுவே ஓர் இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. இரண்டாம் வரிசையின் கீழே பகல் முழுவதும் ஓர் ஆள் உட்கார்ந்து, விழுகிற பேச்சைக் கேட்டு, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஆளுக்கு நிறுவனம் சம்பளமும் கொட்டகையும் தர வேண்டும். தவறினால் கடன் இரத்து.

அத்தானின் தம்பி ஒரு கண்ணைத் திறந்தார்.

"இத பேங்க்ல ஒத்துக்குவாங்களா?"

"அவங்களும் இந்த இடத்துல டீ குடிக்கத்தான் போவாங்க" என்றார் சதவீதம்.

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள். உறுப்பினர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் வாக்கெடுப்பு நடந்து, ஒரு வாக்கு வித்தியாசத்தில் இரண்டாம் வரிசை நிறைவேறியது. விஷயம் தெரியவந்தபோது கையெழுத்துகள் காய்ந்திருந்தன. நிறுவனம் முணுமுணுத்தது. அடுத்த தேர்தலில், 'கேட்கும் ஆள்' என்ற அந்த வேலையை உருவாக்கியது நாங்கள்தான் என்று இரண்டு கட்சியும் சுவரொட்டி ஒட்டின. வேலைக்கு விண்ணப்பித்தவள் அக்கா ஒருத்திதான். பாறையில் உட்கார்ந்து பிறத்தியார் பேச்சைக் கேட்பதை வேலையாக ஊரில் வேறு யாரும் நினைக்கவில்லை, அதை எல்லோரும் இலவசமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அத்தானின் தம்பி குன்றின் மேல் கொட்டகைக்குத் தகடு பொருத்திக் கொடுத்தார். அண்ணன் அளவுக்கு வராது, ஒரு மூலை ஒழுகும். தையல் மிஷின் மேலே போனது, கடையை நான் பார்த்துக்கொண்டேன். காலையில் காற்று எழும்போது அக்கா போவாள், சாயங்காலம் காற்று படுக்கும்போது இறங்குவாள். இந்தக் கணவாயில் இரவில் காற்று அசையாது. விழுந்ததில் பாதி யாருக்கும் புரியாத மொழி. மீதியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மருந்துக்கடைக்காரரிடம் அவர் அம்மா ஆற்றோரம் சொன்ன ஒன்றைச் சொன்னாள். அவர் அன்று கடையைத் திறக்கவில்லை. கூட்டம் ஒன்றில் தலைவர் சொன்ன இன்னும் நாலு வாக்குறுதிகளையும் வாசலுக்கே கொண்டுபோனாள். அவர் இல்லை என்று சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் சதவீதம் மேலே போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை முடிந்தும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. கடன் கண்காணிப்பு என்று தலைமை வங்கிக்கு எழுதினார், அதையும் யாரும் படிக்கவில்லை. மருந்துக்கடைக் கூரை முடிந்தது. அஞ்சலகக் கூரை வந்தது, நீண்டது, முடிந்தது. ரொட்டிக்கடைக் கூரையிலிருந்து ஆணி கேட்ட முதல் குரல் ஒரு மார்கழிப் பனியில் விழுந்த நாளில் அக்கா ஒரு காற்சட்டையின் ஒரு காலை இன்னொரு காலோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மூன்று வேளைச் சாப்பாட்டையும் மேலேயே கொண்டுவரச் சொன்னாள். அப்படி இருந்தவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. பல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் காதுவரை உப்பி, ஒரு பக்கம் கேட்பதே நின்றுவிட்டது. காதே போன பிறகு இங்க உட்கார்ந்து என்னத்தக் கேப்ப என்று நான் அதட்டித்தான் பல் மருத்துவரிடம் அனுப்ப முடிந்தது. வேலை நாளாக இருந்தும் அவளுடைய நாற்காலியில் சதவீதம் போய் உட்கார்ந்தார்.

முற்பகல் பதினொன்று இருக்கும், சதவீதம் குன்றிலிருந்து ஓடிவந்தார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. வாயை இறுக்கி மூடியிருந்தார், உதடுகள் மட்டும் உள்ளுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. வழியில் தலைவர் நிறுத்தி வட்டி குறையுமா என்று கேட்டார், அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ரொட்டிக்கடைக்காரர், என்ன விஷயம் என்று கத்தினார். சதவீதம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடந்தார். வேறு ஒரு சொல் உள்ளே போனால் தான் தூக்கிவருவது சிந்திவிடும் என்று பயந்திருக்கிறார். நான் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். மருத்துவர் அப்போதுதான் பல்லைப் பிடுங்கி, அக்காவின் வாய் நிறையப் பஞ்சை வைத்து, ஒரு மணிநேரம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். கேக்கல என்று சொல்ல அவளால் முடியாது. சதவீதம் அவள் முன்னால் நின்று, மூச்சு வாங்கி, தன் குரலை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏய், திரும்பிப் பாரு. உனக்கு வால் முளைச்சிருக்கு. டேப்ப இழுத்துக்கிட்டுத் தெரு பூராக் கூட்டிட்டுப் போற."

பிறகு, அத்தான் அதோடு நிறுத்தவில்லை என்பதற்காக, சிரிக்கவும் செய்தார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ரொட்டிக்கடைக் கூரைமேல் நின்றவர் சிரித்ததுபோலவே முழுதாகச் சிரித்து முடித்தார். அக்காவின் கை தானாக முதுகுப் பக்கம் போய் இடுப்பில் தடவியது. அவ்வளவுதானா என்பதுபோல எங்களைப் பார்த்தாள். பஞ்சு வெளியே வந்து விழுந்தது. இரத்தமும் எச்சிலுமாக, தோள் குலுங்க அவள் சிரித்த சிரிப்பில் மருத்துவர் பயந்துபோய்ப் புதுப் பஞ்சு எடுக்க ஓடினார். வெகுநேரம் கழித்து அது அழுகையானது, மறுபடியும் சிரிப்பானது. ஆறேழு வருடம், கூட்டம், தீர்மானம், கடன், ஒரு குன்று முழுக்கக் காற்றாலை, எல்லாம் தாண்டி வந்து சேர்ந்தது ஓர் அளவு நாடா. வேறெதுவாக இருந்திருந்தாலும் அவளுக்கு இவ்வளவு நிறைந்திருக்காது.

வீக்கம் வடிந்ததும் சதவீதம் தன் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டார். நடுவில் விலைவாசி ஏறிவிட்டதால் மிச்சம் இருபத்தாறு சதவீதம்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அக்கா சரி என்றாள். பதிவு அலுவலகத்தில் அத்தானின் தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு என்று நிறுவனம் கேட்டபோது ஊரே சண்டைக்குப் போனது. அதற்குள் வீட்டுக்கு ஒருவருக்காவது வரவேண்டிய பேச்சு பாக்கி இருந்தது. ஆக அந்த வேலை இன்றும் இருக்கிறது. தலைவர் போய் மருந்துக்கடைக்காரர் வந்தார், அவர் போய்த் தலைவரின் மருமகன் வந்தார், ஒவ்வொருவரும் இரண்டு காற்றாலை கூடுதலாக வைத்தார்கள். அக்காவும் சதவீதமும் பதினெட்டு வருடம் குன்றின் மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதலில் போனார். அவள் அடுத்த மழைக்குப் போனாள். கடைசி ஆறேழு வருடம் அவர்கள் கொட்டகைக்கு ஊர்ப்பக்கம், காற்று வெறுங்கையோடு கிளம்பும் இடத்தில் நின்று பேசியதையெல்லாம் காற்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இப்போது கேட்கும் வேலை என்னுடையது. அதெல்லாம் சுற்றி முடிந்து வரும் காலம், காலையில் கொட்டகைக் கதவைத் திறந்துவைக்கிறேன். அக்காவின் பேச்சுக்கு நடுவே அவருடையதும் கலந்து விழும். பிரித்தறிவதில் சிரமமில்லை, அது எண்ணில் தொடங்கும்.